டைப் 1 பெற்றோர் குழு: வாட்ஸ்அப்பை விட்டு எங்கே போவது? ஃபேஸ்புக்கா, சொந்த மன்றமா?

வைகைக்கரை (செவ்வாய், இரவு 9:40)

வணக்கம். டைப் 1 சர்க்கரை (இன்சுலின் ஊசி இல்லாமல் முடியாத வகை) உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறோம். மதுரை, திண்டுக்கல், விருதுநகர்க் குடும்பங்களோடு தொடங்கியது. இப்போது யாழ்ப்பாணம், சிங்கப்பூர், லண்டன் என்று பல ஊர்க்காரர்கள் சேர்ந்து, 1,024 பேர் என்ற வரம்பை நெருங்கிவிட்டோம். அது சின்னச் சிக்கல்தான்.

போன மாதம் பெற்றோர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். குழுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. புதிதாகச் சேர்ந்த அம்மாக்களின் எண்களை எடுத்து ஒவ்வொருவராக அழைத்திருக்கிறார். "ஊசியே தேவையில்லை, எங்கள் சூரணத்தை ஒரு மண்டலம் கொடுங்கள்" என்று பேச்சு. நோய் தெரிந்து சில நாள்களே ஆன வீட்டில் இப்படி ஒரு குரல் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஓர் அம்மா இன்சுலினைக் குறைத்துவிட்டார். பிள்ளை கீட்டோஅசிடோசிஸ் (இன்சுலின் போதாமல் இரத்தம் அமிலமாகும் நிலை) வந்து ஐசியூவில் இருந்து திரும்பியது. இப்போது நலம்.

இடம் மாறுவது என்று முடிவாகிவிட்டது. பாதிப் பேர் ஃபேஸ்புக் தனிக்குழு போதும் என்கிறார்கள். என் தம்பி சொந்தமாக ஒரு மன்றம், இந்தத் தளம் மாதிரி, போட்டுத் தருகிறேன் என்கிறான். நீங்கள் இதிலெல்லாம் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். சொல்லுங்கள்.

கீரைக்கட்டு (செவ்வாய், இரவு 10:05)

ஃபேஸ்புக்தான் அக்கா. எல்லோரிடமும் கணக்கு இருக்கிறது, புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டாம். நைட்ஸ்கௌட் கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். பள்ளியில் இருக்கும் பிள்ளையின் சர்க்கரை அளவை வீட்டிலிருந்தே பார்க்க 2013-இல் அமெரிக்கப் பெற்றோர் சிலர் சொந்தமாக எழுதிய மென்பொருள். அது உலகம் முழுக்கப் பரவியது 'சிஜிஎம் இன் தி கிளவுட்' (சிஜிஎம் என்றால் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் கருவி) என்ற ஃபேஸ்புக் குழு வழியாகத்தான். யாருக்கும் தெரியாத மூலையில் மன்றம் போட்டிருந்தால் பத்துப் பேர்கூட வந்திருக்க மாட்டார்கள்.

பழைய மோடம் (செவ்வாய், இரவு 10:51)

கீரைக்கட்டு சொன்ன உதாரணம் உண்மை. அதே ஃபேஸ்புக்கில் நடந்த இன்னொன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிஆர்சிஏ என்ற மரபணு மாற்றம் உள்ள பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். அவர்கள் ஒரு 'மூடிய' குழு வைத்திருந்தார்கள், கிட்டத்தட்ட 9,000 பேர். உள்ளே எழுதுவதை வெளியாள் படிக்க முடியாது, சரி. ஆனால் உள்ளே இருப்பவர் யார் என்ற பட்டியலை வெளியாள் பார்க்க முடிந்தது. விளம்பரக்காரர்களுக்காகவே ஒரு குரோம் நீட்சி (உலாவியில் சேர்க்கும் சிறு மென்பொருள்) இருந்தது. பட்டியலை மொத்தமாக இறக்கித் தரும். 2018-இல் குழுவின் மட்டுறுத்துநர்களில் (பதிவுகளைக் கண்காணிப்பவர்களில்) ஒருவர்தான் இதைக் கண்டுபிடித்தார். அந்தக் குழுவில் பெயர் இருந்தாலே போதும், என்ன நோய்க்கான வாய்ப்பு என்று தெரிந்துவிடும். காப்பீட்டுக்காரர் ஒரு பதிவைக்கூடப் படிக்க வேண்டியதில்லை.

உங்கள் சூரணக்காரருக்கும் அதுதானே வேண்டியிருந்தது? பெயர், எண். யாரும் எழுதியதை அவர் படிக்கவே இல்லை.

கீரைக்கட்டு (செவ்வாய், இரவு 11:02)

அதைச் சரிசெய்துவிட்டார்களே. அந்த ஆண்டே.

பழைய மோடம் (செவ்வாய், இரவு 11:20)

செய்தார்கள். இப்போது பட்டியல் உறுப்பினர்களுக்கு மட்டும்தான். ஆனால் அந்தச் சூரணக்காரரும் 'உறுப்பினர்'தான். சொந்தப் பெயர், முகம், ஊர், மாமனார் வீட்டுக் கல்யாணப் படம் எல்லாம் ஒரு சொடுக்கில் கிடைக்கும் இடத்தில் உறுப்பினரிடமிருந்து உறுப்பினரை யார் காப்பது? குழுவில் பெயர் மறைத்துப் பதிவிடும் வசதி இருக்கிறது. அதிலும் எழுதியவர் யார் என்று குழு நிர்வாகிக்கும் நிறுவனத்துக்கும் தெரியும்.

எண் விஷயத்துக்கு வந்தால், 2021 ஏப்ரலில் 53.3 கோடி ஃபேஸ்புக் கணக்குகளின் தொலைபேசி எண்கள் இலவசமாகவே வெளியில் கிடந்தன. நண்பரைத் தொலைபேசி எண் வைத்துத் தேடும் வசதியை வைத்து 2019 செப்டம்பருக்கு முன்பே உருவியவை. அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு 26.5 கோடி யூரோ அபராதம் போட்டது. அபராதம் போட்டதும் யாருடைய எண்ணாவது திரும்பி வந்ததா?

சர்வர்சாமி (புதன், காலை 6:15)

சொந்த மன்றம் என்றால் பாதுகாப்பு என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். மன்றங்களைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு, அதனால் சொல்கிறேன்.

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் மன்றம் 2013-இல் உடைக்கப்பட்டது. 18 லட்சத்துக்கு மேற்பட்டோரின் பயனர் பெயர், மின்னஞ்சல், குறியாக்கிய கடவுச்சொற்கள் போயின. 2016-இல் மறுபடியும், இந்த முறை 20 லட்சம் பேர். லினக்ஸ் தெரிந்தவர்கள் நடத்திய இடத்துக்கே இந்தக் கதி. தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்றத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அப்புறம் அப்டேட் பண்ண மறந்தால்?

நோயாளிகள் மன்றம் என்றால் பேஷன்ட்ஸ்லைக்மீ. 2010-இல் அதன் மனநலப் பகுதியில் ஒரு புதுக் கணக்கு சேர்ந்து அங்கிருந்த பதிவுகளை எல்லாம் இயந்திரம் வைத்து நகலெடுத்தது. பார்த்தால் நீல்சன் நிறுவனம். மருந்துக் கம்பெனிகளுக்குச் 'சந்தைப் பேச்சு' அறிக்கை விற்கிறவர்கள். மனச்சோர்வைப் பற்றி இரவு இரண்டு மணிக்கு எழுதியதை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். மன்ற நிர்வாகி நினைத்தால் உங்கள் தனிமடலைப் படிக்கலாம். ஐபி முகவரி பார்க்கலாம். டிஸ்கோர்ஸ் என்ற மன்ற மென்பொருளில் நிர்வாகி தனிமடலைத் திறந்தால் பதிவேட்டில் ஏறும்படி ஓர் அமைப்பு உண்டு. ஆனால் சர்வரின் சாவி கையில் இருப்பவர் பின்வாசல் வழியாகத் தரவுத்தளத்தையே திறக்கலாம். வாட்ஸ்அப்பில் அந்த வேலை நடக்காது. அங்கே செய்தி முனைக்கு முனை குறியாக்கப்பட்டது, அனுப்பியவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கலாம். அந்த ஒரு விஷயத்தில் நீங்கள் ஒரு படி கீழே இறங்குகிறீர்கள். தெரிந்தே இறங்குங்கள்.

ஊசிப்பட்டாசு (புதன், காலை 7:30)

ஆக மொத்தம் எங்கேயும் போகாதீர்கள், புறாக் காலில் கட்டி அனுப்புங்கள் என்கிறீர்கள்.

சர்வர்சாமி (புதன், காலை 7:34)

புறாவையும் பிடித்துக் குழம்பு வைத்துவிடுவார்கள்.

தாமிரபரணி (புதன், முற்பகல் 11:10)

நான் வைகைக்கரை அக்காவின் குழுவில் இருப்பவள். இங்கே புதுப் பெயரில் எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஏழு வயதில் வந்தது. இப்போது கல்லூரி போகிறாள். நன்றாகப் படிக்கிறாள், கூடைப்பந்து ஆடுகிறாள், இன்சுலின் பம்ப் போட்டிருக்கிறாள். எங்கள் சொந்தத்தில் இன்றுவரை நாலு பேருக்குத்தான் தெரியும். அவளை மறைத்து வைக்க வேண்டும் என்பதல்ல. யாரிடம் எப்போது சொல்வது என்பதை அவள் முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறோம். ஃபேஸ்புக்கில் என் பெயர் இருந்தால் அவள் பெயரும் இருந்த மாதிரிதான். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகம் பார்ப்பதற்கு முன்னால் தேடுவது அங்கேதான்.

சின்னப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு இது இப்போது புரியாது. கேக் வெட்டும் படத்தோடு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) அறிக்கையையும் போடுகிறார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து வந்து "ஏம்மா போட்டாய்" என்று கேட்கும்.

எனக்கு வேண்டியது புனைபெயர். ஆனால் ஒரே புனைபெயர், வருடக்கணக்காக. தாமிரபரணி என்று ஒருத்தி பத்து வருடம் எழுதியிருந்தால், அவள் சொல்வதை நம்பலாமா வேண்டாமா என்று புதிதாக வருபவர் பழைய பதிவுகளைப் படித்தே முடிவு செய்யலாம். இப்போதைய குழுவில் நேற்றுப் பேசியதே இன்று மேலே போய்விடுகிறது. பள்ளியில் ஊசி போட விடாவிட்டால் தலைமையாசிரியரிடம் எப்படிப் பேசுவது என்று அக்கா எத்தனை முறைதான் எழுதுவார்?

மேலூர் மாமா (புதன், பிற்பகல் 2:20)

புனைபெயரால்தான் அந்தத் திருடனே உள்ளே வந்தான். ஆதார் நகலும் பிள்ளையின் மருந்துச் சீட்டும் வாங்கிக்கொண்டு சேருங்கள். எவன் தைரியமாக வருகிறான் பார்ப்போம்.

பழைய மோடம் (புதன், பிற்பகல் 3:05)

மாமா, தென்கொரியா ஒரு நாடாகவே இதைச் செய்து பார்த்தது. 2007 ஜூலையிலிருந்து பெரிய தளங்களில் கருத்து எழுத வேண்டுமானால் குடியுரிமைப் பதிவு எண் கொடுத்து அடையாளத்தை நிரூபிக்க வேண்டும். முதலில் நாளுக்கு 3 லட்சம் பேர் வரும் தளங்கள், 2009-இல் அதை 1 லட்சமாகக் குறைத்தார்கள். தளங்கள் எல்லாம் எண்களைச் சேர்த்து வைத்தன. 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்டு என்ற இரண்டு தளங்களையும் உடைத்து 3.5 கோடிப் பேரின் விவரங்களை எடுத்துப் போனார்கள். நாட்டின் மக்கள்தொகையே சுமார் 5 கோடி. 2012 ஆகஸ்டில் அரசமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. வசவும் அவதூறும் குறிப்பிடும்படி குறையவில்லை என்பதையும் தீர்ப்பிலேயே சொன்னார்கள்.

ஆயிரம் பிள்ளைகளின் மருந்துச் சீட்டை ஒரு கோப்புறையில் சேர்த்து வைத்தால் அந்தச் சூரணக்காரருக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது.

மூலிகைமணி (புதன், மாலை 5:48)

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது.]

மட்டுறுத்துநர் 2 (புதன், மாலை 5:55)

மேலே இருந்தது ஒரு விற்பனை எண்ணும் "நிரந்தரத் தீர்வு" என்ற வாக்குறுதியும். விளம்பர விதியின்படி நீக்கினேன். கணக்கு ஒரு வாரம் முடக்கம். ஆட்சேபணை இருந்தால் 'நிர்வாகம்' பகுதியில் எழுதலாம்.

அரசமரம் (புதன், இரவு 8:12)

எனக்கு ஆட்சேபணை உண்டு. அந்தப் பதிவைப் போட்டவரைப் பற்றி அல்ல, இந்தப் போக்கைப் பற்றி. சித்த மருத்துவம் என்று யாராவது வாயைத் திறந்தாலே வெட்டுவதுதான் மட்டுறுத்தலா? பாகற்காய், வெந்தயம் பற்றி நம் வீட்டில் பேசுவதில்லையா? அலோபதி மருந்தைப் பற்றி மட்டும் யார் வேண்டுமானாலும் எழுதலாமா?

வைகைக்கரை (புதன், இரவு 9:30)

அரசமரம் ஐயா, எங்கள் குழுவில் மாதத்துக்கு ஒருமுறை வரும் சண்டை இது. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு கோடு. எதை வேண்டுமானாலும் சமைக்கலாம், சாப்பிடலாம், பேசலாம். "இன்சுலினைக் குறை", "நிறுத்து" என்று எழுதக் கூடாது. டைப் 1-இல் உடம்பில் இன்சுலின் சுரப்பது கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. ஊசியை நிறுத்தினால் சில நாளில் உயிருக்கே ஆபத்து. யூனிட் கணக்கை யார் சொன்னாலும் நீக்குவோம், எம்.பி.பி.எஸ். படித்தவர் சொன்னாலும்தான். பிள்ளையைப் பார்க்காமல் டோஸ் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

ஒரு பெரிய வலைத்தளத்தில் இதே மாதிரி விளம்பரத்தைப் புகார் செய்தேன். விதிமுறையை மீறவில்லை என்று பதில் வந்தது. இந்த மன்றத்தில் மேலே ஆறு மணிக்குள் நடந்ததைப் பாருங்கள். ஏழு நிமிடம். காரணம் சொல்லி, யார் செய்தது என்று சொல்லி, முறையிட இடமும் காட்டியிருக்கிறார். எனக்கு இது வேண்டும்.

வக்கீல் வண்டு (புதன், இரவு 10:40)

சட்டப்பக்கம் கொஞ்சம்.

நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் அட்டவணையில் நீரிழிவும் இருக்கிறது. அரசமரம் ஐயா, இதில் சித்தா, அலோபதி என்ற பாகுபாடு இல்லை.

உறுப்பினர் எழுதியதற்கு நிர்வாகி பொறுப்பா? வாட்ஸ்அப் குழு நிர்வாகி மற்றவர் போட்டதற்குத் தானாகக் குற்றவாளி ஆகமாட்டார் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-இலும் கேரள உயர் நீதிமன்றம் 2022-இலும் சொல்லிவிட்டன. மன்றம் நடத்தினால் நீங்கள் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பார்வையில் இடைநிலையர், அதாவது பிறர் எழுதுவதற்கு இடம் கொடுப்பவர். பிரிவு 79 பாதுகாப்புத் தரும், 2021 விதிகளைப் பின்பற்றினால். 50 லட்சம் பயனர் உள்ள பெரிய தளங்களுக்கான கூடுதல் சுமைகள் உங்களுக்கு இல்லை. ஆனால் பயன்பாட்டு விதிகள், குறைதீர்ப்பு அலுவலரின் பெயர், தொடர்பு விவரம் ஆகியவற்றைத் தளத்தில் போட வேண்டும்.

2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். பிள்ளையின் பெயரே கேட்காதீர்கள். கேட்காததைத் திருட முடியாது, அதற்காக யாரும் உங்களை நீதிமன்றத்துக்கும் இழுக்க முடியாது.

தேம்ஸ்கரைத் தமிழன் (வியாழன், அதிகாலை 3:15)

பிரிட்டனில் இருந்து ஒரு எச்சரிக்கை. இங்கே இணையப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. சட்டவிரோத உள்ளடக்கம் பற்றிய கடமைகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன. மீறினால் 1.8 கோடி பவுண்டு அல்லது உலக வருவாயில் 10 விழுக்காடு, எது அதிகமோ அது. ஃபேஸ்புக்குக்கு வக்கீல் படை இருக்கிறது. வெள்ளெலி வளர்ப்பவர்களின் 'ஹாம்ஸ்டர் ஃபோரம்' இந்தச் சட்டத்தைக் காரணம் காட்டி மூடிக்கொண்டது. வெள்ளெலிக்கு என்ன தீனி போடுவது என்று பேசிக்கொண்டிருந்தவர்கள்! பெரிய முதலைகளுக்கு விரித்த வலையில் கெண்டைக் குஞ்சுகள்தான் முதலில் மாட்டின.

உங்கள் குழுவில் லண்டன்காரர்கள் இருந்தால் இதையும் மனத்தில் வையுங்கள். பயந்து விட்டுவிட வேண்டாம். இடர் மதிப்பீடு என்று ஒரு தாள் எழுதி வைப்பதுதான் சிறிய இடத்துக்கான முதல் வேலை.

சர்வர்சாமி (வியாழன், காலை 6:40)

சரி, இவ்வளவையும் கேட்டபிறகும் மன்றம்தான் என்றால், சூரணக்காரரைத் தடுப்பதற்கான வழி.

டிஸ்கோர்ஸில் 'நம்பிக்கை நிலை' என்று ஒன்று உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் பூஜ்ய நிலையில் இருப்பார். தனிமடல் அனுப்ப முடியாது. படத்துக்கும் சுட்டிக்கும் வரம்பு. அடுத்த நிலைக்கு வர 5 விவாத இழைகளைத் திறந்து, 30 பதிவுகளைப் படித்து, 10 நிமிடமாவது தளத்தில் இருந்திருக்க வேண்டும். இது இயல்பு அமைப்பு. நீங்கள் இன்னும் இறுக்கலாம். தனிமடலை இரண்டாம் நிலைக்கு மேல்தான் என்று வையுங்கள். உங்கள் ஆள் ஒரு வாரம் உட்கார்ந்து முப்பது பதிவு படிக்கலாம்தான். ஆனால் பொதுவில் பேசாமல் யாரையும் தனியாகப் பிடிக்க முடியாது. பேசினால் வெளுத்துவிடும்.

உறுப்பினர் பட்டியலை அணையுங்கள். உள்நுழையாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுங்கள். பள்ளி, பயணம், அரசுத் திட்டம் பற்றிய பொதுத் தகவலை மட்டும் தனிப் பகுதியில் திறந்து வைத்தால் கூகுளில் தேடுபவருக்குக் கிடைக்கும். வருகையாளர் கணக்குக்காக ஃபேஸ்புக் பிக்சலை (வருபவர் விவரத்தை ஃபேஸ்புக்குக்கு அனுப்பும் நிரல்) போட்டுத் தொலைக்காதீர்கள். பெட்டர்ஹெல்ப் என்ற மனநல ஆலோசனை நிறுவனம் பயனர் விவரங்களை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்கு அனுப்பியதற்காக 2023-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

ஸ்கிரீன்ஷாட்டை எந்த மென்பொருளும் தடுக்காது.

கீரைக்கட்டு (வியாழன், காலை 9:25)

எல்லாம் சரி. இதையெல்லாம் தினமும் பார்ப்பது யார்? ஃபேஸ்புக்கில் அதற்கு ஆள் இருக்கிறார்கள்.

பழைய மோடம் (வியாழன், காலை 10:10)

இருக்கிறார்கள், வேலை பார்த்தே மனம் உடைந்தவர்கள். அமெரிக்காவில் அந்த வேலை செய்தவர்களுக்கு 2020-இல் ஃபேஸ்புக் 5.2 கோடி டாலர் இழப்பீடு தர ஒத்துக்கொண்டது. ஆனால் உங்கள் குழுவுக்குள் அன்றாடம் குப்பை பொறுக்குவது அங்கேயும் குழு நிர்வாகிதான், சம்பளம் இல்லாமல். அந்த வேலை எங்கே போனாலும் கூடவே வரும்.

வித்தியாசம், வீடு யாருடையது என்பதில். ரெடிட் என்ற விவாதத் தளத்தில் பார்வையற்றோர் கூடும் ஒரு குழு இருக்கிறது. திரைவாசிப்பானோடு (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) ஒத்துப்போகும் வெளிச் செயலிகளை நம்பித்தான் அதில் பலர் இருந்தார்கள். 2023-இல் ரெடிட் அந்தச் செயலிகளுக்குக் கட்டணம் விதிக்கப்போவதாக அறிவித்தது. ஜூன் 12 அன்று 8,000-க்கு மேற்பட்ட குழுக்கள் கதவைச் சாத்திப் போராடின. ஒருசில அணுகல்தன்மைச் செயலிகளுக்கு விலக்குக் கிடைத்தது, மற்றபடி நிறுவனம் அசையவில்லை. மறு ஆண்டு அந்த உறுப்பினர்கள் எழுதியதை எல்லாம் ஏஐ பயிற்சிக்காகக் கூகுளுக்கு ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலருக்குக் கொடுத்ததாகச் செய்தி வந்தது. எழுதியவர்களை யாரும் கேட்கவில்லை.

வைகைக்கரை (வியாழன், இரவு 9:15)

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு நாங்கள் நாலைந்து பேர் அழைப்பில் பேசினோம். மன்றம்தான். சர்வர்சாமி எச்சரித்ததால், தம்பி ஒருவனை மட்டும் நம்பாமல் பராமரிப்புக்குக் காசு கொடுத்து ஆள் வைக்கிறோம், வருடச் சந்தா குடும்பத்துக்கு நூறு ரூபாய், முடியாதவர்களுக்கு வேண்டாம். தனிமடலை முதலில் முழுக்கவே மூடி வைக்கிறோம். வாட்ஸ்அப்பில் அறிவிப்புக் குழு மட்டும் இருக்கும், நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி. ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் வைத்து, தேடி வருபவரை மன்றத்துக்கு அனுப்புவோம். கீரைக்கட்டு சொன்னதில் அந்தப் பகுதி நியாயம்.

ஒன்றில் மட்டும் இடிக்கிறது. குறைதீர்ப்பு அலுவலர் பெயர் போட வேண்டும் என்கிறார் வண்டு. என் பெயரைப் போட்டால் என் மகனுக்கு என்ன நோய் என்று ஊருக்கே எழுதி ஒட்டிய மாதிரி. எங்கள் மட்டுறுத்துநர்கள் எல்லோருமே பெற்றோர்கள்தான்.

வக்கீல் வண்டு (வியாழன், இரவு 9:50)

பெற்றோராக இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. வீட்டு முகவரி போடாதீர்கள், இதற்கென்று தனி மின்னஞ்சல் வையுங்கள். பெயர் மட்டும் உண்மையாக இருக்க வேண்டும், புகாருக்குப் பதில் சொல்லும் ஆளாக இருக்க வேண்டும்.

மேலூர் மாமா (வியாழன், இரவு 10:02)

என் பெயரைப் போடுங்கள். எனக்கும் சர்க்கரைதான், ஆனால் வயதான காலத்தில் வந்தது, ஊருக்கே தெரியும். எனக்கு இனி யாரும் பெண் பார்க்க வரப்போவதில்லை. மின்னஞ்சல் திறக்க மட்டும் யாராவது சொல்லிக் கொடுங்கள்.

தாமிரபரணி (வியாழன், இரவு 10:08)

நான் சொல்லித் தருகிறேன் மாமா. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடலாமா? இருபடிச் சரிபார்ப்பையும் அப்போதே போட்டுவிடலாம்.